ஹால் டிவியில் விளையாட்டு: ஒரு தாமதத்தின் வரலாறு

தொலைக்காட்சிப் பெட்டியில் விளையாடவும் முடியும் என்று ஒழுங்காக எழுதி வைத்தவர் ரால்ஃப் பேர். ஜெர்மனியில் பிறந்த யூதர். 1938இல் குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா போனவர். ராணுவத்துக்கு மின்னணுக் கருவிகள் செய்துகொடுத்த சாண்டர்ஸ் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தார். 1966 ஆகஸ்ட் கடைசியில், நியூயார்க்கின் ஒரு பேருந்து நிலையத்தில் காத்திருந்த நேரத்தில் சில குறிப்புகளை எழுதினார். மறுநாள், செப்டம்பர் 1ஆம் தேதி, அவற்றை நான்கு பக்கங்களாக விரித்தார். வீடுகளில் கோடிக்கணக்கான பெட்டிகள் இருக்கின்றன. ஒளிபரப்பைப் பெறுவதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை இல்லை. யாரும் பயன்படுத்தாத ஓர் அலைவரிசையில் ஒரு சிறு கருவியின் சமிக்ஞையை அனுப்பினால் போதும், பெட்டி அதையும் நிலைய ஒளிபரப்பு என்றே எடுத்துக்கொள்ளும். இதுதான் அவர் கண்ட வழி.

அந்த நான்கு பக்கங்களிலிருந்து 1972இல் மேக்னவாக்ஸ் ஒடிசி பிறந்தது. அதில் ஒலி கிடையாது, வண்ணம் கிடையாது, மதிப்பெண்ணைக்கூட வீரர்களே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். திரையில் சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும் மட்டும் நகரும். மைதானம், மலை, பேய்வீடு எல்லாம் கண்ணாடிமேல் ஒட்டும் வண்ணப் பிளாஸ்டிக் தாள்களில் அச்சிடப்பட்டிருக்கும். பெரிய டிவிக்கு ஓர் அளவு, சின்ன டிவிக்கு ஓர் அளவு. இன்று பார்த்தால் ஏழைக் கருவி. ஆனால் திருகைத் திருப்பிய அந்தக் கணமே புள்ளி நகர்ந்தது. பின்னாளில் பல லட்ச ரூபாய்க்கு விற்ற டிவிகளால் அதைச் செய்ய முடியவில்லை.

இந்தக் கட்டுரையின் அக்கறை அந்தக் கணத்தைப் பற்றியது. பார்ப்பவருக்குத் தாமதம் தெரியாது. செய்தி வாசிப்பவரின் முகம் அரை விநாடி பிந்தி வந்தாலும், ஒலியும் சேர்ந்தே பிந்தினால், யாருக்கும் நஷ்டம் இல்லை. விளையாடுபவர் நிலை வேறு. அவர் பொத்தானை அழுத்திவிட்டுத் திரையின் பதிலுக்குக் காத்திருக்கிறார்; அந்தப் பதிலை வைத்தே அடுத்த அசைவைத் தீர்மானிக்கிறார். டிவியை வடிவமைத்தவர்கள் பார்ப்பவரை மட்டுமே மனதில் வைத்தார்கள். கடந்த அரை நூற்றாண்டில் ஹாலுக்குள் வந்த ஒவ்வொரு விளையாட்டுக் கருவியும் இந்த அடிப்படை வேறுபாட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறது. இதில் வியப்பு என்னவென்றால், பழைய படக்குழாய் டிவி யாரும் திட்டமிடாமலேயே விளையாட்டுக்கு மிகப் பொருத்தமான திரையாக அமைந்துவிட்டது.

காரணம், அதற்கு நினைவகம் இல்லை. குழாயின் பின்முனையிலிருந்து பாயும் மின்னணுக் கற்றை திரையின் மேல் இடது மூலையில் தொடங்கி, கோடு கோடாக இடமிருந்து வலமாக ஓடி, கீழே வந்து, மறுபடி மேலே போகும். அமெரிக்க முறையில் விநாடிக்கு 60 தடவை, நம் ஊர் முறையில் 50 தடவை. சமிக்ஞை எந்த நொடியில் வருகிறதோ அந்த நொடியிலேயே கற்றை அதை ஒளியாக்கிவிடும். ஒரு முழுப் படத்தைச் சேர்த்துவைத்து, ஆராய்ந்து, பிறகு காட்டும் வசதி அதில் இல்லவே இல்லை. ஆகவே பிந்தவும் வழியில்லை.

1977இல் வந்த அடாரி கருவி இந்தப் பண்பை அப்படியே தன் உடலாக ஆக்கிக்கொண்டது. அதன் மொத்த நினைவகம் 128 பைட். ஒரு முழுத் திரைக்காட்சியைச் சேமிக்க அதில் இடம் ஏது? எனவே நிரலாளர் ஒவ்வொரு கோட்டையும் கற்றை அந்த இடத்துக்கு வந்து சேரும் முன்பே தயார்செய்து கொடுக்க வேண்டும். ஒரு கோடு வரையப்படும் நேரத்தில் செயலிக்குக் கிடைப்பது 76 துடிப்புகள். ஒரு சிறு கட்டளைக்கே இரண்டு முதல் ஏழு துடிப்பு வரை செலவாகும். விளையாட்டின் விதிகள், மதிப்பெண், மோதல் கணக்கு எல்லாவற்றையும் கற்றை கீழிருந்து மேலே திரும்பும் சிறிய இடைவெளிக்குள் முடித்துவிட வேண்டும். 1980இல் அடாரிக்கு வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 36 எதிரிகள் திரையில் அணிவகுத்தார்கள். கருவியால் ஒரு நேரத்தில் வரைய முடிந்த பெரிய உருவங்கள் இரண்டே இரண்டு. அந்த இரண்டையும் கருவியே மும்மூன்றாகப் படியெடுத்து ஒரு வரிசைக்கு ஆறு ஆக்கும். அடுத்த வரிசைக்குக் கற்றை இறங்கும்போது அதே இரண்டையும் வேறு வடிவத்தில் மறுபடி பயன்படுத்துவார்கள். இவ்வளவு நெருக்கடிக்குள் இவ்வளவு சாமர்த்தியம் காட்டிய நிரலாளர்களை நான் பெரிய கைவினைஞர்கள் வரிசையில் வைக்கிறேன்.

அதே கருவிக்கு 1979இல் சதுரங்கம் வந்தது. இயந்திரம் தன் நகர்வை யோசிக்கும்போது திரையில் பலகை மறைந்து வண்ணங்கள் சிதறி மின்னும். செயலி யோசித்தால் வரைய முடியாது, வரைந்தால் யோசிக்க முடியாது. நகர்வைக் கண்டுபிடித்த பிறகுதான் பலகை மீண்டும் தோன்றும்.

படக்குழாயின் உடனடித் தன்மையை முழுமையாக நம்பியது ஒளித் துப்பாக்கி. தமிழ்நாட்டில் 1990களில் வளர்ந்த பலருக்கு அது ‘வாத்து சுடுற கேம்’. ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் போலிகள் அப்போது இந்தியக் கடைகளில் பல பெயர்களில் கிடைத்தன. நாம் அவற்றை ‘டிவி கேம்’ என்றோம். செருகும் அட்டையை ‘கேசட்’ என்றோம். ஆயிரக்கணக்கில் விளையாட்டு இருப்பதாக மேலே அச்சிட்டிருக்கும். உள்ளே பத்திருபதுதான் திரும்பத் திரும்ப வரும். பெட்டியோடு ஒரு துப்பாக்கியும் வரும். அதிலிருந்து ஏதோ ஒன்று பாய்ந்து திரையைத் தொடுகிறது என்றே பிள்ளைகள் நம்பினார்கள். உண்மையில் துப்பாக்கி எதையும் அனுப்பவில்லை. அது திரையைப் பார்த்தது. விசையை இழுத்ததும் விளையாட்டு ஒரு படத்தின் நேரத்துக்குத் திரையைக் கறுப்பாக்கும். அடுத்த படத்தில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் வரும். குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி கறுப்புக்கு அடுத்து வெள்ளையைக் கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். இரண்டு வாத்து பறந்தால் இரண்டுக்கும் அடுத்தடுத்த படங்களில் தனித்தனியாக வெள்ளைச் சதுரம். எந்தப் படத்தில் வெளிச்சம் தெரிந்ததோ அதுவே சுடப்பட்ட வாத்து. குண்டு பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்றலாம் என்றால் அதுவும் நடக்காது. முதலில் கறுப்பு தெரிந்தாக வேண்டும். விநாடிக்குச் சுமார் 15,000 கோடுகள் வரையப்படும் அந்தத் துடிப்பை மட்டுமே ஏற்கும்படியும் நிண்டெண்டோவின் உணரி அமைந்திருந்தது.

இன்றைய தட்டை டிவியில் அதே கருவியை, அதே துப்பாக்கியை இணைத்துப் பாருங்கள். ஒரு வாத்துகூட விழாது. கற்றையின் துடிப்பு அங்கே இல்லை. அதைவிட முக்கியமாக, கருவி ‘இப்போது வெள்ளை’ என்று சொல்லும் நேரத்தில் திரை இன்னும் பழைய படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அங்கே போகும் முன் கம்ப்யூட்டர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டர்களின் முதல் தலைமுறைக்கு டிவியே திரை. 1977இல் வந்த ஆப்பிள் இரண்டுக்கு டிவியோடு இணைக்கும் அலைமாற்றிக் கருவியை ஆப்பிள் தானே விற்கவில்லை. அது எழுப்பிய வானொலி இரைச்சலுக்கு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் ஒப்புதல் கிடைப்பது கடினமாக இருந்தது. வேறொரு சிறு நிறுவனம் அதைத் தனியே செய்து விற்க, கடைக்காரர்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிரிட்டனில் 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டுக்குக் கிடைத்ததற்கு ஒரு காரணம், திரைக்குத் தனியாகக் காசு கேட்காததுதான். ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு வேறு ஒருவர் விலை கொடுத்தார். ஒரே டிவி உள்ள வீட்டில் பிள்ளை விளையாடினால் மற்றவர்கள் எதையும் பார்க்க முடியாது. நம் வீடுகளில் பள்ளி விட்டு வந்த நேரத்துக்கும் அம்மாவின் தொடர் தொடங்கும் நேரத்துக்கும் நடுவே கிடைத்த இடைவெளிதான் மாரியோவின் ராஜ்ஜியம். படுக்கையறைக்குக் கம்ப்யூட்டரும் தனித் திரையும் இடம்பெயர்ந்ததில் தொழில்நுட்பத்துக்கு இருந்த பங்கைவிடக் குடும்ப சமாதானத்துக்கு இருந்த பங்கு அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாம் ஆடிய மாரியோ ஜப்பான் பிள்ளைகள் ஆடிய மாரியோ அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். விளையாட்டின் கடிகாரம் டிவியின் கற்றை. ஜப்பானில் விநாடிக்கு 60 படம். ஒவ்வொரு படத்துக்கும் மாரியோ ஓரடி வைப்பதாக எழுதியிருந்தார்கள். ஐரோப்பாவும் இந்தியாவும் இலங்கையும் பின்பற்றிய முறையில் 50 படம். இந்த முறைக்கு ஏற்றபடி செய்யப்பட்ட கருவிகளில், நிரலைத் தனியாகத் திருத்தாவிட்டால், மாரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினார், இசையும் இழுத்தது. ஐரோப்பாவில் 1991இல் சோனிக் என்னும் முள்ளெலி வேகத்துக்கென்றே விளம்பரம் செய்யப்பட்டு, அங்கிருந்த டிவிகளில் வேகம் குறைந்து ஓடியது. நமக்கு ஒப்பிட வேறொன்று இல்லாததால் அதுவே சரியான வேகம்.

தட்டை டிவிகள் வந்தபோது மாறியது தடிமன் மட்டும் இல்லை. டிவிக்கு நினைவகமும் செயலியும் முளைத்தன. உள்ளே வரும் படத்தை அது முழுதாக வாங்கி வைக்கிறது, தன் திரையின் புள்ளிக் கணக்குக்கு நீட்டுகிறது, புள்ளித்தூசியை நீக்குகிறது, நிறத்தைக் கூட்டுகிறது. இவற்றில் விளையாட்டுக்குப் பெரிய எதிரி அசைவை வழவழப்பாக்கும் வேலை. இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத ஒரு படத்தைக் கணித்துச் செருக வேண்டுமானால், இரண்டாவது படம் வந்து சேரும்வரை முதல் படத்தைப் பிடித்துவைத்தே ஆக வேண்டும். எதிர்காலத்தைப் பார்க்காமல் நடுவைக் கணிக்க முடியாது. எவ்வளவு வேகமான செயலியைப் போட்டாலும் இந்தக் காத்திருப்பு தீராது. 60 படக் கணக்கில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி. இப்படிப் பல படிகள் சேர்ந்து, எல்லா அலங்காரங்களும் இயங்கும் நிலையில் 100 மில்லி விநாடியைத் தாண்டிய டிவிகள் சர்வசாதாரணம். கண்ணால் கண்டு விரலால் பதில் தர மனிதருக்கு ஆகும் நேரமே ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி விநாடி. அதில் பாதியை டிவி தன் பங்குக்குக் கூட்டினால், ஆடுபவருக்குக் கை பழுதானது போன்ற உணர்வு வரும். பலர் அதைத் தம் திறமைக் குறைவு என்றே நினைத்துக்கொண்டார்கள். அந்த அநியாயம் என்னை இன்னும் உறுத்துகிறது.

டூம், குவேக் விளையாட்டுகளை எழுதிய ஜான் கார்மாக் 2012இல் இதைப் பொதுவெளியில் சொன்னார்: ஐரோப்பாவுக்கு ஒரு இணையப் பொட்டலத்தை அனுப்புவதைவிட, தன் எதிரே இருக்கும் திரையில் ஒரு புள்ளியைத் தோன்றவைக்க அதிக நேரம் ஆகிறது என்று. நம்ப மறுத்தவர்களுக்கு அளந்த முறையையும் விளக்கினார்.

முதலில் தவித்தவை தாள விளையாட்டுகள். கிட்டார் ஹீரோ 2005இல் வந்தது. அமெரிக்க வீடுகளில் தட்டை டிவி பரவிய அதே ஆண்டுகள். தாளம் தட்டும் விரலுக்குப் பத்து மில்லி விநாடிப் பிசகும் தெரியும். படம் பிந்துகிறது, ஒலி வேறோர் அளவில் பிந்துகிறது. எந்த வீட்டில் எவ்வளவு என்பது டிவிக்கு டிவி மாறும். தாமதத்தைப் போக்க வழியில்லாதபோது அதை அளந்து கணக்கில் சேர்ப்பது என்று அந்த நிரலாளர்கள் முடிவெடுத்தார்கள். 2008இல் வந்த ராக் பேண்ட் இரண்டின் கிட்டாரிலேயே ஓர் ஒளியுணரியும் ஒலிவாங்கியும் இருந்தன. கிட்டாரைத் திரை எதிரே பிடித்தால், திரை மின்னும் கணத்தையும் ஒலி வரும் கணத்தையும் அதுவே அளந்து விளையாட்டைச் சரிசெய்துகொள்ளும். ஒளித் துப்பாக்கியின் அதே தத்துவம். ஆனால் இம்முறை டிவியின் குறையை அளப்பதற்காக. தாளத்தில் அடுத்த அடி எப்போது வரும் என்பது முன்பே தெரியும், ஆகவே இந்தத் தந்திரம் செல்லுபடியானது. சண்டை விளையாட்டில் எதிராளி என்ன செய்வார் என்று முன்கூட்டித் தெரியாதே. அங்கே தாமதத்தை ஈடுகட்ட வழி இல்லை. 2001இல் வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீயின் போட்டியாளர்கள் இருபதாண்டு கழித்தும் கனத்த படக்குழாய் டிவிகளைத் தூக்கிக்கொண்டு போட்டி அரங்குகளுக்கு வந்ததற்குக் காரணம் பழைமை மோகம் என்று வெளியார் எழுதினார்கள். உண்மையில் அது விரல் நுனியில் உணரும் நியாயம்.

தமிழ்நாட்டில் படக்குழாய்க் காலம் சற்று நீண்டது. 2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி போனது; உலகின் பணக்கார வீடுகள் தட்டை டிவிக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சிறிய பெட்டிகளில் டிவி கேம் ஆடிய பிள்ளைகளுக்குத் தாமதம் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது.

டிவி நிறுவனங்கள் பின்னர் ‘கேம் மோட்’ என்று ஒரு அமைப்பைச் சேர்த்தன. அதன் வேலை எளிது: மேலே சொன்ன அலங்காரங்களை நிறுத்துவது. அப்படி நிறுத்தினால் நல்ல டிவிகளில் தாமதம் பத்து, இருபது மில்லி விநாடிக்கு இறங்குகிறது. பட்டியல்களின் அடியில் ஒளிந்திருந்த அந்த அமைப்பைப் பலரும் கண்டுபிடிக்கவே இல்லை. 2017 நவம்பரில் வெளியான எச்டிஎம்ஐ 2.1 இணைப்பு வரையறை, விளையாட்டுக் கருவியே டிவியிடம் ‘இப்போது விளையாட்டு’ என்று சொல்லி அந்த நிலைக்கு மாற்ற வழிசெய்தது. கூடவே இன்னொரு முக்கியமான மாற்றம்: கம்ப்யூட்டர் ஒரு படத்தை வரைந்து முடிக்கும் கணத்துக்காகத் திரை தன் துடிப்பை மாற்றிக்கொள்ளலாம். அடாரி காலத்தில் கற்றை ஓடியது, நிரல் துரத்தியது. இப்போது திரை நின்று நிரலுக்காகக் காத்திருக்கிறது.

தாமதம் தீர்ந்தாலும் தூரம் தீராது. மேசைக் கம்ப்யூட்டரின் 24 அங்குலத் திரையை 60 சென்டிமீட்டரில் வைத்துப் பார்க்கிறோம். அதன் அகலம் கண்ணில் சுமார் 48 பாகைக் கோணம் பிடிக்கும். 55 அங்குல டிவியை மூன்று மீட்டர் தள்ளி சோபாவில் இருந்து பார்த்தால் 23 பாகைதான். டிவி பெரிது என்று நாம் நினைக்கிறோம்; கண்ணுக்கு அது பாதி. மேசைக்காக வரைந்த எழுத்து ஹாலில் பாதியாகச் சுருங்குகிறது. 2006இல் வந்த டெட் ரைசிங் விளையாட்டின் எழுத்துகள் உயர்துல்லியத் திரையை நம்பி அமைக்கப்பட்டிருந்தன. சாதாரண டிவி வைத்திருந்தவர்கள், விளையாட்டு என்ன செய்யச் சொல்கிறது என்றே படிக்க முடியாமல் தவித்தார்கள். இன்றும் கம்ப்யூட்டரை டிவியில் இணைத்ததும் முதலில் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டு, கீழ்ப் பட்டை காணாமல் போவது முதலாவது. படக்குழாயின் ஒழுங்கற்ற ஓரத்தை மறைக்கச் செய்த பழைய ஏற்பாட்டைத் தட்டை டிவியும் வழக்கமாகத் தொடர்ந்ததன் விளைவு. சிவப்பு எழுத்து மங்கிக் கசிவது இரண்டாவது. பார்ப்பதற்கான படத்தில் நிறத் துல்லியத்தைப் பாதியாகக் குறைத்தால் யாருக்கும் தெரியாது என்று டிவி கருதுவதால் வருவது. அந்த எச்டிஎம்ஐ நுழைவுக்குப் ‘பிசி’ என்று பெயர் மாற்றினால் பல டிவிகளில் இரண்டாவது சரியாகிவிடும். முதலாவதைச் சரிசெய்யப் பட அளவு அமைப்பில் தேட வேண்டும்.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளை ஹாலுக்குக் கொண்டுவரப் பிடிவாதமாக உழைத்த நிறுவனம், ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ். தூரத்தில் இருந்து படிக்கக்கூடிய பெரிய எழுத்து இடைமுகத்தை 2012இலும், சோபாவுக்கு ஏற்ற ஸ்டீம் மெஷின்களை 2015 நவம்பரிலும் கொண்டுவந்தது. மெஷின்கள் எடுபடவில்லை. அவை லினக்ஸில் ஓடின. அன்றைய விளையாட்டுகளில் பெரும்பங்கு விண்டோஸுக்கு எழுதப்பட்டவை. விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் 2018இல் வந்த பிறகே கதை மாறியது. 2022இல் வந்த கையடக்க ஸ்டீம் டெக் அதன்மேல் நின்றது. 2025 நவம்பரில் வால்வ் மறுபடியும் அதே பெயரில் ஹாலுக்கான பெட்டியை அறிவித்திருக்கிறது. முதல் முறை இல்லாத அடித்தளம் இம்முறை இருக்கிறது. கூகுளின் ஸ்டேடியா வேறு பாதையில் போனது: ஹாலில் கம்ப்யூட்டரே வேண்டாம், தொலைவில் இருக்கும் கணினி வரைந்து இணையம் வழி அனுப்பட்டும் என்று. 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரியில் மூடப்பட்டது. டிவியின் தாமதத்தோடு கம்பியின் தாமதத்தையும் சேர்த்து விற்க வேண்டியிருந்தது அதன் சுமைகளில் ஒன்று.

ஹாலின் உண்மையான செல்வம் திரையில் இல்லை, சோபாவில் பக்கத்தில் இருக்கும் ஆளிடம் இருக்கிறது. ஒடிசிக்கே இரண்டு கைப்பிடிகள். கான்ட்ராவை இருவராக ஆடாதவர்கள் நம் தலைமுறையில் குறைவு. ஒருவன் உயிர் தீர்ந்தால் மற்றவனிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற அதன் சில பதிப்புகளின் விதி எத்தனை சண்டைகளையும் எத்தனை சிநேகங்களையும் உண்டாக்கியது! 1997இல் கோல்டன்ஐ திரையை நான்காகப் பிரித்து நால்வரை உட்காரவைத்தது. பிறகு இணையம் வந்தது. எதிராளி வேறு ஊரில், வேறு திரையில். 2015இல் வந்த ஹேலோ ஐந்து, தன் தொடரின் அடையாளமாக இருந்த பிரித்த திரையைக் கைவிட்டது. ஒரே காட்சியை இரு கோணங்களில் வரைய ஏறக்குறைய இருமடங்கு உழைப்பு வேண்டும். விநாடிக்கு 60 படம் என்ற இலக்கை விட்டுத்தர அதை உருவாக்கியவர்கள் விரும்பவில்லை. எதிர்ப்பு கிளம்பியது, திரும்பத் தருவதாக வாக்கும் கிடைத்தது. ஆனால் அடுத்த விளையாட்டின் கதைப் பகுதியை ஒரே திரையில் இருவராக ஆடும் வசதி 2022இல் ரத்தானது.

தொழில்நுட்பக் காரணத்தை நான் மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. கோல்டன்ஐ வந்த ஆண்டில் நால்வர் 21 அங்குலப் பெட்டி ஒன்றைப் பங்கிட்டு ஆளுக்குப் பத்து அங்குலத்தில் குறிபார்த்தார்கள். இன்றைய 55 அங்குலத் திரையை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் 27 அங்குலத்துக்கு மேல், அன்றைய முழு டிவியைவிடப் பெரியது. விளையாட்டு இயக்குநர் யோசெஃப் ஃபாரெஸின் குழு 2021இல் வெளியிட்ட ‘இட் டேக்ஸ் டூ’வைத் தனியாக ஆடவே முடியாது, இருவர் கட்டாயம், திரை பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்தே இருக்கும். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டாக கேம் அவார்ட்ஸ் விழாவில் அதுவே தேர்வானது. 2025இல் அதே குழு ‘ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷன்’ விளையாட்டையும் அதே நிபந்தனையோடு கொண்டுவந்தது. அதன் இறுதிப் பகுதியில் திரையைப் பிரிக்கும் கோடு நிலையாக நிற்பதில்லை; வளைகிறது, நகர்கிறது, இரண்டு உலகங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுகின்றன. அதை ஆட உங்களுக்கு வேண்டியது இரண்டு கைப்பிடி, கேம் மோடில் வைத்த ஒரு டிவி, பக்கத்தில் உட்கார ஒருவர்.